ஓலையில் ஒட்டிக்கிடந்த சொல்

என் வீட்டுக்காரர் உயிரோடு இருக்கிறார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊரில் இப்போதும் சிலருக்கு அதில் சந்தேகம் இருக்கிறது.

எங்கள் கடற்கரையில் கல்யாணம் என்றால் மூன்று ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் ஓலை வாசிக்க வேண்டும். இன்ன ஊர் இன்னாருடைய மகன், இந்த ஊர் இன்னாருடைய மகளைக் கட்டப் போகிறான், தடை தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் சொல்லவும் என்று பூசை முடிகிற நேரத்தில் வாசிப்பார்கள். வாசிப்பது காகிதத்தில்தான். பனையோலைக் காலத்துப் பெயர் மட்டும் போகாமல் நிற்கிறது. கோபுரத்தில் ஒலிபெருக்கி இருப்பதால் கோவிலுக்கு வராதவர்களும், மீன் கழுவிக்கொண்டிருப்பவர்களும், கட்டிலில் கிடப்பவர்களும் கேட்பார்கள். ஓலை என்பது காதுக்கானது.

எனக்குப் படிப்பு குறைவு. என் பெயரை எழுதுவேன். பஸ்ஸில் குளச்சல் என்று போட்டிருந்தால் தெரியும். மற்ற எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டினால் கொஞ்ச நேரத்தில் சொல் வந்து சேரும். இதைக்கூட நான் சொல்லச் சொல்ல, பிறந்த வீட்டுக்கு வந்திருக்கிற என் கடைசி மகள் செல்போனில் அடிக்கிறாள். ஒவ்வொரு துண்டும் முடிந்ததும் வாசித்துக் காட்டச் சொல்கிறேன். "சரியாத்தான் இருக்கும்மா" என்று சலித்துக்கொள்கிறாள். சரியாக இருந்தால் கேட்க என்ன நட்டம்.

கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து கோவில் ஆபீசைப் பெருக்குவது நான்தான். அங்கே இருந்த எழுத்துச் சாமான்கள் எல்லாம் என் கண் முன்னால் வந்தவை, என் கண் முன்னால் மூலைக்குப் போனவை. முதலில், சாமியாருக்கு உதவியாக இருந்த உபதேசியார் மைக்கூட்டில் பேனாவை முக்கி எழுதினார். பிறகு தமிழ் டைப்ரைட்டர் வந்தது. அவர் இரண்டு விரலால்தான் அடிப்பார். ஒரு எழுத்தைத் தேடிக் கண்டுபிடித்துக் கொத்துகிற கோழி மாதிரி இருக்கும். அடிக்கும்போதே வாய்க்குள் சொல்லிக்கொள்வார். "இன்னாருடைய மகன்" என்று அடித்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்து, "அவனுக்க தாய்க்கு இப்ப முட்டுவலி எப்படி இருக்காம்?" என்று கேட்பார். ஒரு ஓலை அடித்து முடிவதற்குள் அந்தக் குடும்பத்தின் சுகம், நோவு எல்லாம் விசாரித்து முடித்திருப்பார்.

தப்பாக அடித்துவிட்டால் அதன் மேலேயே திரும்பத் திரும்ப ஒரே எழுத்தை அடித்து மூடுவார். பார்த்தால் தெரியும், இங்கே ஒரு தப்பு இருந்தது, அதை மூடியிருக்கிறார்கள் என்று. திருவிழா நோட்டீசுக்கு மெழுகுத்தாளில் அடிப்பார். அதில் தப்பு வந்தால் சிவப்புத் தைலம் ஒன்றைத் தடவி, காயும்வரை ஊதி, மேலே அடிப்பார். அந்தத் தைலத்தின் வாசம் மண்டைக்குள் ஏறும். பிறகு மெழுகுத்தாளை சைக்ளோஸ்டைல் மெஷினில் சுற்றி, கைப்பிடியைச் சுழற்றினால் காகிதம் காகிதமாக வந்து விழும். சுழற்றுவது நான். பத்தாம் நாள் திருவிழா முடிந்தும் என் நகக்கண்ணில் மை இருக்கும்.

ஒரு தடவை அந்த உபதேசியார் மாப்பிள்ளையின் ஊரை மாற்றி வாசித்துவிட்டார். கடியப்பட்டணம் என்பதற்கு இராஜாக்கமங்கலம் என்று சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிறு எழுந்து நின்று, "போன வாரம் நான் பிழையாக வாசித்தேன். அந்த ஓலை செல்லாது. இதுதான் சரி" என்று சொல்லிவிட்டுத்தான் மறு ஓலை வாசித்தார். கல்யாணம் ஒரு வாரம் தள்ளிப்போனது. இரண்டு வீட்டாரும் முணுமுணுத்தார்கள். ஆனால் ஊர் முழுக்கக் கேட்ட தப்பை ஊர் முழுக்கக் கேட்கத்தானே திருத்த வேண்டும். எங்கள் ஊரில் அதுதான் வழக்கம்.

அவர் போய்ச் சேர்ந்தார். டைப்ரைட்டர் சாமான் அறைக்குப் போனது. கம்ப்யூட்டர் வந்தது. அதற்குத் துணிப் போர்வை தைத்தார்கள். அந்த அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும் என்று எழுதி ஒட்டினார்கள். ஈரக்காலோடு பீடத்துப் பக்கம் போய்ப் பூ வைத்திருக்கிறேன், யாரும் ஒன்றும் சொன்னதில்லை. கம்ப்யூட்டர் மேசையைத் துடைக்கப் போனால், "தண்ணி கிட்ட கொண்டு வராதீங்க" என்றார்கள். சரி என்று தள்ளி நின்றே பெருக்கினேன்.

இப்போது அதில் வேலை பார்ப்பது எங்கள் தெருப் பிள்ளை. கம்ப்யூட்டர் படித்த பிள்ளை. என் மகளோடு பள்ளிக்கூடம் போனவள். பத்து விரலாலும் அடிப்பாள், பேசிக்கொண்டே அடிப்பாள். கெட்டிக்காரிதான், இல்லை என்று சொல்லவில்லை.

என் கடைசி மகளுக்கு இனயம் என்கிற கடற்கரை ஊரில் மாப்பிள்ளை பார்த்தோம். முதல் ஓலை ஞாயிறு வந்தது. என் வீட்டுக்காரருக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்து கிடக்கிறார். காது மட்டும் நல்ல கூர்மை. அன்று காலையில் சவரம் செய்யச் சொன்னார், வெள்ளைச் சட்டை கேட்டார். கடைசி மகளின் ஓலையைப் படுத்துக்கொண்டு கேட்கக்கூடாது என்று தலையணை வைத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் கோவிலுக்குப் போனேன்.

சாமியார் வாசித்தார். எங்கள் ஊர், காலஞ்சென்ற, அப்புறம் என் வீட்டுக்காரரின் பெயர், என் பெயர், இவர்களின் மகள்.

பெண்கள் பக்கம் இருந்த தலை எல்லாம் என்னைப் பார்த்துத் திரும்பின. நான் தலைச்சீலையை இழுத்துச் சரிசெய்துகொண்டு நேராகவே பார்த்தேன். பூசை முடிகிறவரை அசையவில்லை. வெளியே வந்தால் ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்ப மாமி? ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா?" என்று அழவே ஆரம்பித்தாள். "வீட்டுல கஞ்சி குடிச்சிட்டு இருக்காரு, வந்து பாரு" என்றேன்.

வீட்டில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். வாய் ஒரு பக்கம் கோணித்தான் சிரிப்பு வரும்.

"ஏட்டி, என்னை எப்ப அடக்கம் செய்யப் போறாவளாம்?"

"சும்மா இருங்க."

"இல்ல, குழி வெட்டுறவன் வந்தா ஒரு கட்டஞ்சாயா போட்டுக் குடுக்கணும்லா."

உயிரோடு இருப்பவரைச் செத்தார் என்று சொன்னால் ஆயுசு கூடும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அதையும் கேட்டுச் சிரித்தார். ஆனால் அந்த வெள்ளைச் சட்டையை உடனே கழற்றச் சொல்லிவிட்டார்.

அவருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. கோவில் வாசலில் நின்று மகளின் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் கொடுக்க வேண்டும். அதற்காக ஜன்னல் கம்பியைப் பிடித்து எழுந்து நின்று நின்று பழகிக்கொண்டிருந்தார். கால் நடுங்கும். உட்காருவார். மறுபடி எழுந்து நிற்பார்.

திங்கட்கிழமை ஆபீசைப் பெருக்கி முடித்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, கம்ப்யூட்டர் அறைக்குள் போனேன். பிள்ளை என்னைக் கண்டதும் நாக்கைக் கடித்தாள்.

"மாமி, கேள்விப்பட்டேன். ஸாரி மாமி. போன கல்யாணத்துக்க ஃபைலைத் தொறந்து பேரை மட்டும் மாத்தினேன். அந்தப் பொண்ணுக்க அப்பா இறந்தவருல்லா. அந்த ஒரு வார்த்தை கண்ணுல படல்ல."

"பேரை மாத்தின, ஊரை மாத்தின. ஆளு இருக்காரா இல்லியாண்ணு மாத்தத் தோணல்லியா மக்கா? தெனமும் எங்க வீட்டு முன்னாலதானே வாற?"

"இப்பவே திருத்துறேன். பாருங்க."

ஒரு தட்டு. சொல் போய்விட்டது. அது இருந்த இடமும் போய்விட்டது, பக்கத்துச் சொல் நகர்ந்து வந்து மூடிக்கொண்டது. அடித்த அடையாளம் இல்லை, தைல வாசம் இல்லை.

"திருத்தியாச்சி மாமி" என்றாள்.

அன்று சாயங்காலம் அந்தச் சொல்லுக்கு உரியவரின் மனைவி வந்தாள். எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. அவள் மகள் கல்யாணம்தான் எங்களுக்கு முன்னால் நடந்தது. புருஷனைக் கடல் கொண்டுபோனது.

"ஏட்டி, எனக்க புருசனுக்கு வெச்சிருந்த வார்த்தையை நீ எடுத்துட்டியாமே."

"நான் கேட்டா வாங்கினேன்? கொண்டு போ."

"கொண்டு போய் நான் என்ன செய்ய. அவருக்கு ஒண்ணு போதும்." சிரித்தாள், கண்ணைத் துடைத்தாள், வெற்றிலை போட்டுக்கொண்டு போனாள்.

இரண்டாம் ஞாயிறு அவர் சட்டை போட்டுக்கொள்ளவில்லை. காதை மட்டும் ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டார். சாமியார் வாசித்தார். காலஞ்சென்ற.

எனக்குக் கால் முதல் தலை வரை எரிந்தது. என்ன நடந்தது என்று மறுநாள்தான் தெரிந்தது. சனிக்கிழமை அந்தப் பிள்ளை ஏதோ பரீட்சை எழுத நாகர்கோவில் போயிருக்கிறாள். சாமியாரே பிரிண்ட் எடுத்திருக்கிறார். அவள் திருத்தியது அவள் கம்ப்யூட்டரில் இருந்த ஓலை. அவர் எடுத்தது முதல் வாரம் அவருக்கு மெயிலில் அனுப்பிய ஓலை. திருத்தினதும் இருந்தது, திருத்தாததும் இருந்தது. ஒரே ஆள் ஒரு அறையில் உயிரோடும் இன்னொரு அறையில் செத்தும் இருந்திருக்கிறார். அதே பழைய மெயில்தான் மாப்பிள்ளை ஊர்ப் பங்குக் கோவிலுக்கும் போயிருக்கிறது. அங்கேயும் இரண்டு வாரமும் அப்படியே வாசித்திருக்கிறார்கள்.

இனயத்திலிருந்து மாப்பிள்ளையின் தாய் போன் செய்தாள்.

"மைனி, அண்ணனுக்கு ஒடம்பு சரியில்லண்ணுதானே எங்ககிட்ட சொன்னிய. மொத வாரம் ஏதோ தப்புண்ணு விட்டோம். ரெண்டாவது வாரமும் வாசிக்காவளே. எங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு?"

போனை அவர் காதில் வைத்தேன். அவர் இருமினார். "இப்ப நம்புதியளா" என்று கேட்டேன்.

ஆனால் அவர் இந்தத் தடவை சிரிக்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்து எழுந்து நிற்பதையும் விட்டுவிட்டார்.

"எழும்புங்க. கால் மரத்துப் போவும்."

"என்னத்துக்கு? கோவில் ரெண்டு தடவை சொல்லியாச்சி. செத்தவன் எப்படி மகளைக் கையைப் பிடிச்சுக் கொடுப்பான். எனக்க அண்ணன் மகன் கொடுக்கட்டும்."

"சாமியாரு தப்பா வாசிச்சா நீங்க செத்தா போயிருவிய?"

"தப்புண்ணு அவுங்க சொல்லட்டும். எனக்குக் காது இருக்கு, கேட்டுக்கிடுதேன். அதுவரைக்கும் நான் வரமாட்டேன்."

மகள் கெஞ்சினாள். மூஞ்சியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். கடலில் அத்தனை காலம் கிடந்த மனிதர், ஒரு சொல்லுக்குத் தோற்றுப்போய்க் கிடந்தார். எனக்கு அவர் மேலேயும் கோபம்தான்.

மூன்றாம் ஓலைக்கு முந்தின சனிக்கிழமை ஆபீசில் போய் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அவசரம் கிடையாது. பிள்ளை மூன்றாம் ஓலையைப் பிரிண்ட் எடுத்து என் கையில் தந்தாள். எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். அந்தச் சொல் எப்படி இருக்கும் என்று இதற்குள் எனக்கு மனப்பாடம். இல்லை.

"பழைய ஃபைலையும் அழிச்சாச்சி மாமி. இப்ப குப்பைத்தொட்டியில இருக்கு."

மேசைக்கடியில் குனிந்து பார்த்தேன். காலையில் நான் கொட்டிவிட்டு வைத்த தொட்டி, காலியாக இருந்தது. அவள் சிரித்துக்கொண்டே கம்ப்யூட்டரில் ஒரு சின்னத் தொட்டிப் படத்தைக் காட்டினாள். இத்தனை வருடம் இந்த ஆபீசின் குப்பையைக் கொட்டுகிறவள் நான். அந்த ஒரு தொட்டி மட்டும் என் கைக்கு எட்டாது.

"சரி மக்கா. இதுக்கு மேல ஒரு வரி சேரு. போன ரெண்டு ஓலையும் பிழை, ஆளு உயிரோட இருக்காருண்ணு."

அவள் முழித்தாள். "அதுக்கு எடமில்ல மாமி. இது ஃபார்மட். எல்லாப் பங்குக்கும் ஒண்ணுதான்."

"ஒரு வரிக்கு எடமில்லியா? கீழ எம்புட்டு வெள்ளையா கெடக்கு."

"எடம் இருக்கு மாமி. ஆனா எடமில்ல." அவளுக்கே அது சரியாகப் படவில்லை. "சாமியாருகிட்ட கேளுங்க."

சாமியார் சின்ன வயசு. நல்ல மனிதர். மோட்டார் சைக்கிளில் ஏறிக்கொண்டிருந்தார். "அம்மா, நாளைக்குச் சரியா வாசிச்சிடுறேன். அது போதும்ல? தப்பைத் திரும்பச் சொன்னா, தெரியாதவங்களுக்கும் தெரியும்."

"தெரியாதவங்க யாரு சாமி? குருசடிப் பக்கம் கெடக்க நாய்க்கும் தெரியும். ஒண்ணும் சொல்லாம மூணாவது வாரம் சும்மா வாசிச்சா, ரெண்டு வாரம் செத்துக் கெடந்தவரு மூணாவது உயிர்த்தாருண்ணு ஊர் நெனைக்கவா?"

அவர் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினார். சொல்கிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

ஞாயிறு ஓலை சரியாக வந்தது. அந்தச் சொல் இல்லை. வேறு சொல்லும் இல்லை. அடுத்த அறிவிப்புக்குப் போய்விட்டார், அன்பியக் கூட்டம் எத்தனை மணிக்கு என்று. நான் எழுந்து நின்றேன். "அந்த ரெண்டு ஓலையும் பிழை, எனக்க வீட்டுக்காரரு உயிரோடதான் இருக்காரு" என்று என் இடத்திலிருந்தே சொன்னேன். என் தொண்டை சின்னத் தொண்டை இல்லை, மீன் விற்ற தொண்டை. கோவிலுக்குள் எல்லோரும் கேட்டார்கள். சாமியாரும் தலையை ஆட்டினார். ஆனால் மைக் அவர் முன்னால் இருந்தது. கோபுரத்துக்கு என் பேச்சு ஏறவில்லை.

வீட்டுக்கு வந்தேன். "கேட்டியளா?"

"பேரைக் கேட்டேன். அந்த வார்த்தையை எடுத்துட்டாவ."

"பின்ன என்ன?"

"எடுத்தாவ. தப்புண்ணு சொல்லல்லியே." மறுபடி சுவர்ப் பக்கம்.

நான் எழுந்து நின்று சொன்னதைச் சொன்னேன். "நீ எப்பவும் அதைத்தானே சொல்லுவ" என்றார்.

கல்யாணம் எட்டாம் நாள், திங்கட்கிழமை. முந்தின சனிக்கிழமை சாயங்காலம் கல்யாணத்துக்கு வருபவர்களுக்குக் கொடுக்கிற பூசைப் புத்தகம் பிரஸ்ஸிலிருந்து கட்டாக வந்தது. மேலே மாப்பிள்ளை பெண் படம். மகள் ஒன்றை உருவிப் பிரித்தாள். அவள் முகம் மாறியதைப் பார்த்து நான் வாங்கிப் பார்த்தேன். முதல் பக்கத்திலேயே, அவர் பெயருக்கு முன்னால், அந்தச் சொல் கிடந்தது.

கம்ப்யூட்டர் பிள்ளையைக் கூப்பிட்டு விட்டோம். வந்து பார்த்துவிட்டு அழுதாள். "மாமி, இது மொத ஓலைக்கும் முன்னாடி பிரஸ்ஸுக்கு அனுப்பினது. மறந்துட்டேன். இனி அடிக்க நேரமில்ல. எல்லாத்தையும் எரிச்சிருவோம்."

"எரிக்காத. எரிச்சிட்டா அவருக்கு இனி கருமாதிதான் பாக்கி" என்றேன். வேறு என்ன வரும் வாயில்.

சத்தம் கேட்டு அவர் சுவர்ப் பக்கமிருந்து திரும்பினார். "என்னது? இஞ்ச கொண்டா."

கொண்டுபோய்க் காட்டினேன். அவருக்கு எழுத்து தெளிவாகத் தெரியாது, கண் மங்கல். நான் அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்தேன்.

புத்தகத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "பேனா இருக்கா?"

இடது கையால் பேனாவைப் பிடித்தார். ஒரு கோடு போட்டார். கோடு நேராக வரவில்லை. சொல்லின் தலையில் ஆரம்பித்து, நடுவில் தாழ்ந்து, மேலே போய் மாதாவின் படத்தைத் தொட்டு நின்றது. சொல் அடிபட்டது.

"இன்னொண்ணு எடு."

மகள் ஒரு பேனாவை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் விடவில்லை. "நீ தொடாத. செத்தவன் நான். நான்தான் அடிக்கணும்."

அன்றும் மறுநாளும் அடித்தார். கை வலித்தால் நிறுத்துவார், கஞ்சி கேட்பார், மறுபடி அடிப்பார். அப்படிக் கஞ்சி கேட்டு இரண்டு வாரம் ஆகியிருந்தது. கட்டு முழுக்க முடிந்ததும், "எனக்க வெள்ளைச் சட்டை எங்க?" என்றார்.

திங்கட்கிழமை கோவில் வாசலில் நாற்காலி போட்டு அவரை உட்கார வைத்தோம். புத்தகத்தை யாரிடமும் கொடுக்க விடவில்லை. இடது கையால் அவரே ஒவ்வொருவருக்கும் கொடுத்தார். வாங்கியவர்கள் பிரித்தார்கள், கோட்டைப் பார்த்தார்கள், அவரைப் பார்த்தார்கள். அடுத்த தெருக்காரி ஒன்றை வாங்கி, தூரப் பிடித்துப் பார்த்து, "நல்லா அழுத்தித்தான் அடிச்சிருக்கிய" என்றாள். இனயத்துக்காரர்கள் வந்து அவர் தோளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். மாப்பிள்ளை வந்தபோது என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். கால் நடுங்கியது. மகளின் கையைக் கொடுத்தார். பிறகு உட்கார்ந்தார்.

சாமியாருக்கும் ஒரு புத்தகம் கிடைத்தது. பூசை முடிந்து என்னிடம் வந்து, "ஃபைலைத் திருத்தச் சொல்லிட்டேன்மா" என்றார். நான் பந்தியைக் கவனிக்கப் போனேன்.

ஒலிபெருக்கி இன்றுவரை அந்த வரியைச் சொல்லவில்லை. ஞாயிறு தோறும் அவர் காதை ஜன்னல் பக்கம் வைத்துக்கொள்கிறார். எந்த வீட்டு ஓலை வாசித்தாலும் மூச்சைப் பிடித்துக் கேட்பார். தகப்பன் பெயருக்கு முன்னால் ஒன்றும் வரவில்லை என்றால் தலையணையில் சாய்ந்துகொண்டு, "இவன் தப்பிச்சான்" என்பார்.